ஆந்தைக்கு அரைத்த கீரை

விடிந்தும் விடியாமலும் இருந்த நேரம். கோழிக்கூட்டைத் திறக்கப் போனேன். பக்கத்து வீட்டு முள்கம்பி வேலியில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. கொடியில் காயப்போட்ட துணி பறந்துபோய் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். கிட்டே போனதும் அந்தத் துணி முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

ஆந்தை. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் எலி பிடிப்பதற்கென்று தோட்ட நிர்வாகமே பெட்டி அடித்து, கம்பம் நட்டு வளர்க்கிற வெள்ளை ஆந்தை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் மூன்றாவது நிரையில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. சாயங்காலமானால் அதிலிருந்து சீறுகிற சத்தம் கேட்கும். பெரிய பாம்பு மூச்சு விடுவதுபோல இருக்கும். கேட்டுப் பழகிவிட்டது. ஆனால் இவ்வளவு கிட்டத்தில் அதன் முகத்தை நான் பார்த்ததில்லை. மனித முகம் மாதிரி இருந்தது. அதுவும் என்னைத் தெரிந்த யாரோ ஒருவருடைய முகம் மாதிரி.

இடது இறக்கையில் கம்பி குத்தி இழுத்திருந்தது. வீட்டுக்காரருடைய பழைய கைலியை அதன்மேல் போட்டு மூடி, மெதுவாகக் கம்பியை விடுவித்தேன். அவருக்குப் புண் கட்ட வாங்கி வைத்திருந்த துணிப்பட்டையால் இறக்கையை உடம்போடு சேர்த்துச் சுற்றினேன். பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் ஒரு காய்கறிக் கூடையைக் கவிழ்த்து, அதற்குள் விட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி அதற்குள் வேலியோரம் வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வாய் ஓயாது.

"அக்கா, ஒங்களுக்கு என்ன பைத்தியமாலா? அதப் போயி கையில தூக்குறீங்க. பூரோங் ஹந்துக்கா அது, பேய்ப் பறவை. ஆளத் தேடித்தான் வீட்டுப் பக்கம் வரும்."

"அடிபட்டுக் கெடக்குது," என்றேன்.

"யாரத் தேடி வந்துச்சோ. எங்க வீட்டு வேலியில மாட்டிச்சு, ஒங்க வீட்டுக்குள்ள போவுது." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "வேலி என்னோடதுதான். தேடுறது எங்க மாமியாரயா இருந்தா சொல்லுங்க, நானே சோறு போட்டு வளக்குறேன்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள் அவர் எழுந்து செருமுகிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரருக்குப் போன வருடம் நெஞ்சில் ரத்தம் கட்டிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பிழைக்க வைத்து, ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். தினமும் சாயங்காலம் ஒன்று. மாதம் ஒருமுறை செவ்வாய்க்கிழமை போய் ரத்தம் சோதிக்க வேண்டும். அங்கே இருந்த தமிழ் நர்ஸ் பிள்ளை எல்லாம் விளக்கிச் சொன்னது. ஈறில் ரத்தம் வந்தாலோ, மூக்கில் வந்தாலோ, உடம்பில் நீலமாகக் கன்றினாலோ உடனே போன் பண்ண வேண்டும். கீரையை ஒருநாள் நிறையத் தின்று ஒருநாள் விடக் கூடாது, கீரை ரத்தத்தைக் கட்ட வைக்கும், மாத்திரையோடு சண்டை போடும். கடைசியாக அவரைப் பார்த்து, "பயப்படாதீங்க தாத்தா, இது எலி மருந்துல இருக்கிற சாமான்தான். அளவா சாப்பிட்டா மருந்து," என்றும் சொன்னது.

அவர் அதை விடுவதாக இல்லை. தோட்டத்தில் எனக்குக் கடைசி இருபத்தெட்டு வருடமும் எலிமருந்து வைக்கிற வேலைதான். மெழுகுக் கட்டிபோல நீலமாக இருக்கும். வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, மரத்துக்கு ஒன்றாகத் தூரில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். நான் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டும்போதெல்லாம் அவர் சொல்வார்: "எலிக்கு வெச்சு வெச்சுப் பழகுன கை. இப்ப புருசனுக்கு வெக்குது பாரு."

வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் கை கூசும்.

ஆந்தை வந்த அன்றைக்கே மனசுக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இது பிழைத்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. இது போனால்... அந்த நினைப்பை அதற்கு மேல் நீட்ட மாட்டேன். அரிசி களைய ஆரம்பித்துவிடுவேன்.

புக்கிட் பெருவாங்கில் இருக்கிற மகள் போனில் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டாள். "மா, அதெல்லாம் வீட்டுல வெச்சுக்கக் கூடாது. வனவிலங்கு ஆபீஸ் நம்பர் அனுப்புறேன். மலாய்ல நாலு வார்த்தை சொன்னா போதும்லா, அவங்களே வந்து எடுத்துக்குவாங்க."

நம்பர் வந்தது. அழுத்தினேன். ஒரு பெண் குரல் எடுத்துப் பேசியது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. போனை வெட்டிவிட்டேன். ஆறாம் வகுப்போடு நின்ற பள்ளிக்கூடத்திலும் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்கு இப்படித்தான். அன்றைக்கு நான் பேசியிருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆந்தைக்குத் தீனி பக்கத்து வீட்டுக்காரிதான் கொடுத்தாள். அவள் கொல்லையில் வைத்திருந்த பொறியில் தினமும் ஒரு எலி விழுந்தது. "பேய்க்கு சாப்பாடு வந்திருச்சுக்கா," என்று வேலி வழியாக வாலைப் பிடித்து நீட்டுவாள். பயம் ஒரு பக்கம், பார்க்கிற ஆசை ஒரு பக்கம் அவளுக்கு. ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரியும். மறுநாள் முடியும் எலும்புமாக ஓர் உருண்டையைக் கக்கிப் போடும். நாலாம் நாள் கட்டை அவிழ்த்தேன். இறக்கையை விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏழாம் நாள் காலையில் அவர் பல் விளக்கிவிட்டுப் போன தொட்டியில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். பிரஷ் குத்தியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கொட்டகைக்குப் போனேன். ஆந்தை கூடையின் ஓரத்தில் தலை தொங்கி உட்கார்ந்திருந்தது. மூக்கருகே வெள்ளை இறகில் ஒரு சொட்டு ரத்தம், காயாமல் இருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

அன்றைக்கு வந்த எலியைச் சின்னதாக வெட்டிக் கொடுக்கலாம் என்று அரிவாள்மனையில் வைத்தேன். அதுவரைக்கும் ஓர் எலியையும் நான் வெட்டியதில்லை. வயிறு திறந்தது. குடல் நீலமாக இருந்தது. ரத்தம் கட்டியாகாமல் தண்ணீர்போல ஓடி மனையிலிருந்து சொட்டியது.

அந்த நீலம் எனக்குத் தெரியும். என் நகக்கண்ணில் இருபத்தெட்டு வருடம் இருந்த நீலம். மருந்து தின்ற எலி உடனே சாகாது. ஐந்தாறு நாள் உள்ளுக்குள் கசிந்துகொண்டு திரியும். தள்ளாடும், தண்ணீர் தேடி வீட்டுப் பக்கம் வரும். பொறியில் அவ்வளவு சுலபமாக விழுந்தது அதனால்தான். இதெல்லாம் தெரிந்தவள் நான். தெரிந்துகொண்டே ஆறு நாளாக என் கையாலேயே அதற்கு மருந்து ஊட்டியிருக்கிறேன்.

பிறகு நர்ஸ் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. கீரை ரத்தத்தைக் கட்ட வைக்கும்.

அடுப்பங்கரை ஓரம் முருங்கை நிற்கிறது. ஒரு கை இலையை உருவி அம்மியில் வைத்து அரைத்தேன். கோழி ஈரலைத் துண்டு போட்டு அந்த விழுதில் புரட்டி, ஆந்தையின் வாயைத் திறந்து ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். பாதியைத் துப்பியது. பாதி போனது.

அவர் பின்னால் வந்து நின்று பார்த்தார். "எனக்கு இல்லேன்னு சொன்ன கீரை அதுக்கா?"

திரும்பினேன். அவர் முழங்கைக்குக் கீழே கன்றிப் போயிருந்தது. உள்ளங்கை அகலம். நீலம்.

"எங்க இடிச்சீங்க?"

"எங்கயும் இடிக்கல. செவ்வாக்கெழம போறோம்ல, அப்பக் காட்டிக்கலாம்."

செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அம்மியில் கீரை விழுது மிச்சம் கிடந்தது. ஒரு கணம் என் கை அதை வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டது. சோற்றில் பிசைந்து கொடுத்தால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆந்தைக்கு நான் குத்துமதிப்பாகக் கொடுத்தேன். இவருக்குக் குத்துமதிப்பாகக் கொடுத்து, அந்தப் பழைய கட்டி மறுபடி நெஞ்சில் போய் அடைத்துக்கொண்டால்? இந்தப் பக்கமும் சாவு, அந்தப் பக்கமும் சாவு, நடுவில் என் கை.

விழுதை ஆந்தையின் தட்டிலேயே வழித்துப் போட்டுவிட்டுக் கை கழுவினேன். அவருடைய ஆஸ்பத்திரிப் புத்தகத்தை எடுத்து, அட்டையில் இருந்த நம்பரை அழுத்தினேன். எடுத்தார்கள். ஒரு மலாய்க்காரப் பெண். என் மலாய் உடைந்து உடைந்து வந்தது. ஈறு என்பதற்கு வார்த்தை தெரியவில்லை, பல் வீட்டில் ரத்தம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வயது கேட்டாள், மாத்திரையின் நிறம் கேட்டாள். "இன்னைக்கே கூட்டி வாங்க மக்சிக், செவ்வாய் வரைக்கும் வேண்டாம்," என்று அத்தை முறை வைத்துச் சொன்னாள்.

மகள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ரொம்ப இளகிப்போய்விட்டது என்றார்கள். இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள். கால் வலிக்கென்று அவர் கடையில் வாங்கித் தின்ற வேறொரு மாத்திரையும் சேர்ந்துகொண்டதாம். அதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை.

அந்த இரண்டு நாளும் ஆந்தையைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். கீரை அரைத்து, ஈரல் புரட்டி, கூடையைத் தள்ளி நின்று குச்சியால் ஊட்டியிருக்கிறாள். திரும்பி வந்ததும் முதலில் அவள் சொன்னது: "சாவலக்கா. என்னையே மொறச்சிக்கிட்டு இருந்துச்சு." பிறகுதான் "அண்ணன் எப்படி?" என்று கேட்டாள்.

கீரை காப்பாற்றியதா, மருந்து எலியை நிறுத்தியது காப்பாற்றியதா, எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஆந்தை கொட்டகையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் பறந்தது. ஒரு பக்கம் சாய்ந்துதான் பறந்தது. ஆனால் பறந்தது.

ஒரு சாயங்காலம், வெளிச்சம் செம்பனை ஓலைகளுக்குக் கீழே இறங்குகிற நேரம், கதவைத் திறந்துவிட்டேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது வாசலில் கொஞ்சம் நின்றது. பிறகு சத்தமே இல்லாமல் எழும்பி, மூன்றாவது நிரைக்குப் போனது. பெட்டியிலிருந்து சீறல் கேட்டது. உள்ளே இன்னொன்று காத்திருந்திருக்கிறது, இத்தனை நாளும்.

"போயிருச்சு. யாரையும் கூட்டிட்டுப் போவல," என்றார் அவர்.

மறுநாள் காலையில் பெட்டிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். புதிதாக இரண்டு உருண்டைகள் கிடந்தன. அதற்குப் பக்கத்து மரத்தின் தூரில், நீலமாக, ஒரு கட்டி. அடுத்த மரத்திலும் ஒன்று. நிரை முழுக்க. புது ரவுண்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய பெயின்ட் தகரத்தைக் கொண்டுவந்து, பெட்டியைச் சுற்றி ஒரு நாற்பது மரத்தில் இருந்ததைப் பொறுக்கிப் போட்டு மூடினேன். நாலு நாள் கழித்துப் போனேன். மறுபடி இருந்தது. மறுபடி பொறுக்கினேன். அன்றைக்கு, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். என் மகன் வயது.

"என்ன பெரியம்மா, இந்தப் பக்கம் எலிக்கு நல்ல பசி போல. வெச்ச கட்டி ஒண்ணையும் காணோம். எடுபட்டா மறுபடி வெக்கணும்ல, இன்னொரு ரவுண்டு போடச் சொல்லியிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுபட்ட இடத்தில் திரும்ப வைக்க வேண்டும், எடுபடுவது குறைகிற வரைக்கும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் முறை. இருபத்தெட்டு வருடம் அந்த முறையில் நடந்தவள் நான். காப்பாற்றுகிறேன் என்று பொறுக்கிப் பொறுக்கி, எங்கள் நிரைக்கு மேலும் மேலும் மருந்தை வரவழைத்துக்கொண்டிருக்கிறேன்.

தகரம் என் கையில்தான் இருந்தது. "எலி எடுக்கல. நான்தான் எடுத்தேன்," என்றேன். ஆந்தையைப் பற்றிச் சொன்னேன். நீலக் குடலைச் சொன்னேன். இவ்வளவு நீளமாக ஒரு வெளி ஆளிடம் நான் பேசியதே இல்லை.

அவர் தகரத்தைப் பார்த்தார், மேலே பெட்டியைப் பார்த்தார். "மத்த மூணு பெட்டி காலியாத்தான் கெடக்கு," என்றார். "சரி பெரியம்மா, பெட்டியச் சுத்தி நாலு நிரைக்கு வெக்க வேணாம்னு ஆளுங்ககிட்ட சொல்லிர்றேன். நீங்களும் பொறுக்காதீங்க." வண்டியைக் கிளப்பியவர் திரும்பி, "ஆனா எலி நாலு நிரைக்குள்ளயேவா நிக்கும்?" என்றார்.

நிற்காது. எனக்கும் தெரியும்.

இப்போது காலையில் எனக்கு இரண்டு வேலை. அவர் பல் விளக்கி முடித்ததும் தொட்டியைப் பார்ப்பேன். அவரும் இப்போதெல்லாம் தண்ணீர் ஊற்றாமல் எனக்காக விட்டு வைக்கிறார். பிறகு பெட்டிக்குக் கீழே போய், கிடக்கிற உருண்டைகளைக் குச்சியால் உடைத்துப் பார்ப்பேன். முடி, எலும்பு, ஒரு சின்ன மண்டையோடு.

இன்றைக்குத் தொட்டி வெள்ளையாக இருந்தது. பெட்டிக்குக் கீழே ஓர் உருண்டைதான் கிடந்தது. இரண்டாவதைப் புல்லை விலக்கித் தேடினேன். வெயில் ஏறிவிட்டது. சாயங்காலம் சீறுகிற நேரத்துக்கு மறுபடி போய் நின்று கேட்க வேண்டும், ஒன்றா இரண்டா என்று.