காலால் வீசும் பந்து

கல்லூரிப் பெண்களுக்கு பேஸ்பால் சொல்லித்தருவது என் வேலை. பாதி நாள், இது கிரிக்கெட் இல்லை என்று விளக்குவதில் போய்விடும். மீதி நாள், வேகம் தோளில் இல்லை, இடுப்புக்குக் கீழே இருக்கிறது என்று விளக்கவேண்டும். விளையாட்டுச் சொல்லித்தந்தே காலம் தள்ளும் சகாக்களே, உங்களுக்கு இந்தப் பாடு புரியும்.

அம்மாவின் போன்

எங்கள் பந்துவீச்சாளர் நந்தினி காங்கேயத்துப் பெண். நல்ல உயரம். ஆனால் உடம்பைச் சும்மா நிறுத்திவிட்டுக் கையால் மட்டுமே வீசுவாள். மண்டல அணித் தேர்வு நெருங்கும்போது தோள் வலி வந்துவிட்டது. இப்படியே விட்டால் தேர்வுக்கே போகமுடியாது என்று பயந்து, "தோள் ஆறுகிறவரை பந்தைத் தொடாதே" என்றேன். ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, பக்கவாட்டில் தாவுவது என்று காலுக்கு மட்டும் பயிற்சி. விடுதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாளாம். அவள் அம்மா போன் செய்தார்.

"ஏனுங்க சார், பந்து வீசறது கையிலதானுங்களே? எம்புள்ளைக்கு என்னத்துக்குங்க காலு வலிக்குது?"

கிழிந்த கால்சட்டைகள்

தோள் ஆறியதும் வீசச் சொன்னேன். பின்காலால் மண்ணை உந்தவேண்டும், முன்காலை எட்டி ஊன்றவேண்டும், இடுப்பு திரும்பிய பிறகே கை வரவேண்டும். நந்தினி எட்டி வைத்த வேகத்தில் கால்சட்டைத் தையல் விட்டுப்போனது. அவளைப் பார்த்துப் பழகிய இன்னும் இரண்டு பேருக்கும் அதே கதி. ஆர்.எஸ்.புரத்துத் தையல்காரர் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, புள்ளைங்க பந்து வெளையாடறாங்களா, வேலி தாண்டறாங்களா?"

ஈரோட்டில்

தேர்வு ஆட்டம் ஈரோட்டில். ஒரே ஒரு ரன் முன்னிலை. இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் போதும். நந்தினி பதற்றத்தில் பழையபடி கையால் வீச, இரண்டு பந்து மண்ணில் குத்தியது. நான் அவளிடம் போனேன்.

"தோளு வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்க சார். பயமா இருக்குதுங்க."

"பயம் இருந்துட்டுப் போகட்டும். பின்காலை மட்டும் நெனச்சுக்கோ."

அடுத்த பந்தில் அவள் காலடியில் புழுதி பறந்தது. மட்டை காற்றில்தான் சுற்றியது. அதற்கடுத்த இரண்டும் அப்படியே. பேஸ்பாலில் மூன்று முறை தவறவிட்டால் அவுட்; ஆட்டம் எங்களுக்கு. நந்தினி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சாயங்காலம் வாசித்த மண்டல அணிப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது.

எல்லாரும் கைதட்ட, அவள் பந்துகளைப் பிடித்த சுகன்யா மட்டும் சிவந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டு வந்தாள்.

"அவ காலுக்குச் சொல்லிக்குடுத்துப்போட்டீங்க, செரிங்க சார். எங் கைக்கு ஆருங்க சொல்லிக்குடுக்கறது?"

ஆகவே சகாக்களே, நம் வேலை வேகத்தை வரவழைப்பதோடு முடிவதில்லை. அது போய் விழுகிற இடத்துக்கும் நாம்தான் களிம்பு வாங்கித்தரவேண்டும்.