வந்திருப்பது யார்?

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், மேசைகளை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பயிற்சியை நடத்தினார்கள். மனசில் கிடப்பதை உடம்பால் ஆடித் தீர்க்கிற பயிற்சி. மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்தே ஆடலாம் என்றார்கள். எங்கள் தெருவில் ஒரு கால் சூம்பிய மருமகள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் துணையாக அவளுடைய மாமியார் கிளம்பினார். மாமியாருக்குப் பேச்சுத் துணையாக நான்.

விக்கிரமசிங்கபுரத்தில் பஸ் ஏறியதும் மாமியார் முன் சீட்டில் கண்ணயர்ந்துவிட்டார். அப்போதுதான் அவள், போன வருஷம் இறந்தே பிறந்த தன் பிள்ளையைப் பற்றி என் காதருகே சொன்னாள்.

"எனக்குக் காட்டாமலே கொண்டு போயிட்டாவ அக்கா. அத்தை மட்டுந்தான் மொகத்தப் பாத்தாவ. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, அந்தப் பேச்சையே எடுக்காதட்டின்னு சொல்லுதாவ."

கூடத்தில் பாய் விரித்திருந்தது. சொல்லிக்கொடுக்க வந்த சென்னைப் பெண் மெல்லிய இசையைப் போட்டுவிட்டு, "கண்ணை மூடிக்கோங்க. உடம்பு எங்க இழுக்குதோ அங்க போங்க. அழுகை வந்தா தடுக்காதீங்க" என்றாள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெண் கைகளை வீசினாள். கண் தெரியாத அண்ணாச்சி ஒருவர் தோளைக் குலுக்கினார். நான் வெட்கத்தில் மாவு பிசைவதுபோல ஏதோ செய்தேன்.

எங்களவள் பாயில் உட்கார்ந்தபடி அசைந்தாள். அசைவு வேகமெடுத்தது. கொண்டை அவிழ்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல்.

கோயில் கொடையில் சாமியாட்டம் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு ஒரே அர்த்தந்தான். மாமியார் நாற்காலியை விட்டு எழுந்து, சுருக்குப்பையிலிருந்து திருநீற்றை எடுத்தார்.

"யாரு வந்திருக்கது? சொல்லு தாயி."

மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். இரண்டு பெண்கள் கும்பிட்டார்கள்.

"என்னவே சத்தம்? கண்ணு தெரியாதவனுக்கும் யாராச்சும் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

"சாமி வந்திருக்கு அண்ணாச்சி."

"மேளமே அடிக்கலயே, அதுக்குள்ளயா?"

யாரும் சிரிக்கவில்லை. சென்னைப் பெண் வெளிறிப்போய், ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"என்ன வேணும், கேளு தாயி. நாங்க என்ன கொற வச்சோம்?" மாமியார் திருநீற்றோடு அவள் நெற்றிக்குக் குனிந்தார்.

கேட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். சாமியாகக் கேட்டால் இந்த மாமியார் எதையும் மறைக்க மாட்டார். மருமகளாகக் கேட்டால் மறுபடி வாயை அடைத்துவிடுவார். சும்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டால் போதும்.

ஆட்டம் நின்றது. மூச்சிரைக்க, அவள் கண்ணைத் திறந்தாள்.

"சாமி இல்ல அத்தை. நாந்தான்."

திருநீறு எடுத்த விரல் பாதியில் நின்றது. "நீயா? நீ எதுக்குட்டி இப்படி ஆடுத?"

"எம் புள்ள யார மாதிரி இருந்துச்சு?"

மாமியார் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "எந்திரி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் எழுந்திருக்கவில்லை. "சொல்லுங்க அத்தை."

இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் போன சென்னைப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் மாமியார் முழங்காலைப் பிடித்தபடி மெல்லப் பாயில் உட்கார்ந்தார். மருமகளைப் பார்க்காமல், தன் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தல நெறைய முடி."

இவள் விடவில்லை.

"மூக்கு?" என்று கேட்டாள்.