ராஜம்மா வீட்டு மளிகை லிஸ்ட்

1. பாதியாக்க வேண்டும், தெரியக் கூடாது

"இந்த லிஸ்ட்ட பாதியாக்கிக் குடு வரதா. ஆனா வூட்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

ராஜம்மா இப்படிச் சொன்னபோது நான் மிளகாய் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு மளிகைக் கடையில் லிஸ்ட் பார்த்துச் சரக்குக் கட்டுவது என் வேலை. மாதம் பிறந்தால் வீடுகளிலிருந்து லிஸ்ட் வரும். நிறுத்து, பொட்டலம் கட்டி, சைக்கிளில் வைத்து நானே வீட்டில் இறக்கிவிட்டு வருவேன். எந்த வீட்டில் எவ்வளவு பருப்பு செலவாகும், யார் வீட்டுக் காபிக்கு எவ்வளவு சிக்கரி என்பதெல்லாம் எனக்குக் கேட்காமலே தெரியும்.

ராஜம்மாவின் வீட்டுக்காரர் முனுசாமி பட்டு நெசவாளர். அந்த வருஷம் பட்டு நூலும் ஜரிகையும் விலை ஏறிவிட்டதால் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுப்பவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் பாதித் தறி நின்றிருந்தது. முனுசாமியின் தறி நின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. அவர் கிடைத்த கூலிக்கு நூல் முறுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

எல்லா வீட்டிலும் லிஸ்ட் குறைந்துகொண்டுதான் இருந்தது. அதில் அதிசயம் இல்லை. 'தெரியக் கூடாது' என்றாரே, அதுதான் புரியவில்லை. கேட்டேன்.

"எம்பொண்ணு கஸ்தூரி வந்துகீறா. ஏழாம் மாசம். தலைப்பிரசவம். இங்க கஷ்டம்னு தெரிஞ்சா ஒரு நாள் தங்க மாட்டா, மாகறலுக்கே கிளம்பிடுவா. அங்க அவ மாமியாருக்குக் கண்ணு தெரியல. யாரு பார்ப்பாங்க? அவ வாயில வைக்கிற எதுலயும் குறைச்சல் தெரியக் கூடாதுபா. நீ சாமான் தெரிஞ்சவன், நீ சொல்லு."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சாமான் தெரிந்தவன் என்று ஒருவர் சொன்னது காதில் இனித்தது. லிஸ்ட்டை வாங்கிக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் விரித்துவைத்தேன்.

2. கை வைக்கலாம், வைக்கக் கூடாது

அன்று நான் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். இன்றைக்குக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில், எதைத் தொடக் கூடாது என்று சொன்னேன். கடுகு, சீரகம், மிளகு, பெருங்காயம். இதெல்லாம் கொஞ்சமாகத்தான் வாங்குகிறோம். இதைக் குறைத்தால் மிச்சமாவது அற்பம், ஆனால் அன்றைக்கே நாக்குக்குத் தெரிந்துவிடும். "பெருங்காயத்த ஒரு சிட்டிகை சேத்தே போடுங்க. வாசனை இருக்கிற வூட்ல யாருக்கும் குறைச்சல் தோணாது" என்றேன்.

அடுத்தது துவரம் பருப்பு. அவர் வாங்கியது முதல் ரகம். எங்கள் கடையில் பருப்பைச் சலிக்கும்போது உடைந்தது கீழே விழும். அதை உடைசல் என்று தனியாக ஒதுக்கி மாட்டுத் தீவனக்காரருக்குப் போட்டுவிடுவோம். பருப்பு அதே பருப்புதான். குழைந்த பிறகு சாம்பாரில் முழுசா உடைசலா என்று யார் கண்டது? சீக்கிரம் வேகும், விறகும் மிச்சம். கல் பொறுக்கி இரண்டு தண்ணீரில் கழுவினால் போதும்.

வெள்ளை உளுந்துக்குப் பதில் தோல் உளுந்து. விலை குறைவு. பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்லது என்று சொல்லியே களி கிண்டிக் கொடுக்கலாம். அது பொய்யும் இல்லை.

புளியில் மட்டும் அவர் தப்புக் கணக்குப் போட்டிருந்தார். கொட்டைப் புளி மலிவு என்று அதைக் கேட்டார். கொட்டைக்கும் சேர்த்துத்தான் நிறுத்துத் தருகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. கொட்டை எடுத்த பழைய புளியைக் காட்டினேன். கருத்திருக்கும், ஆனால் ஒரு குழம்புக்குப் பாக்கு அளவு போதும்.

காபிக்கு வறுத்து அரைத்த தூள் வேண்டாம், பச்சைக் கொட்டையாக வாங்கி வீட்டில் வறுத்துக்கொள்ளச் சொன்னேன். வெல்லம் உருண்டையாக வேண்டாம், மூட்டை அடியில் உதிர்ந்த தூள் வெல்லம் போதும். எண்ணெயைக் குறைக்கச் சொல்லவில்லை. எண்ணெய்த் தூக்கில் கிடக்கும் கரண்டியை மாற்றச் சொன்னேன். "பெரிய கரண்டியில பாதி ஊத்தலாம்னு நினைச்சா கை கேக்காது. சின்னக் கரண்டி நெறைய ஊத்துங்க."

ராஜம்மா சிரித்துவிட்டார். கடைக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது.

பாதி ஆகவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பொட்டலங்களை நான் எப்போதும்போலவே கட்டினேன், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாதபடி. சைக்கிளில் கொண்டுபோய் இறக்கியபோது கஸ்தூரிதான் கதவைத் திறந்தாள். "ண்ணா, அம்மா எனக்காக நெறைய வாங்கறாங்களா? வேணாம்னு சொல்லுங்க" என்றாள். நான் ஒன்றும் தெரியாதவன்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

3. முதலாளியின் கோபம்

பத்து நாள் கழித்து முதலாளி கூப்பிட்டார். தீவனக்காரர் வந்து உடைசல் மூட்டை இளைத்திருக்கிறதே என்று கேட்டாராம்.

"வரதா, சல்லடைக்குக் கீழ வுழுற சரக்க யாருக்கு வித்த?"

சொன்னேன்.

"மாடு துன்றத மனுசாளுக்கு விக்கிறியா? நாளைக்கு நாலு பேரு இந்தக் கடையில கழிவு விக்கிறான்னு சொன்னா நான் எங்க போய் நிக்கிறது?"

"அதே பருப்புதாங்க. உடைஞ்சிருக்குது, அவ்ளோதான்."

"அது சரி. முதல் ரகம் வாங்கினு இருந்த கைய நீயே புடிச்சி உடைசலுக்கு இழுத்துனு போயிருக்கியே. நீ என் கடையில வேலை செய்யிறியா, அந்தம்மா வூட்ல செய்யிறியா? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

அவரைக் கேட்காமல் செய்தது தப்புதான். முதலாளி கெட்டவர் இல்லை. நெசவு படுத்ததில் அவர் வியாபாரமும் படுத்திருந்தது. கடைசியில், "மாசம் முடியட்டும், உன்னப் பத்தி யோசிக்கலாம்" என்றார். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், கையில் ஒரு குழந்தை.

அடுத்த மாதம் ராஜம்மா வந்தபோது லிஸ்ட் இன்னும் சின்னதாக இருந்தது. அரிசியில் குறைத்திருந்தார், காபியில் குறைத்திருந்தார். "எப்படிமா?" என்றேன். "நீ சொல்லிக் குடுத்ததுதான். பழகிட்டா கை தானா சுருங்குது" என்றார். நான் நம்பினேன். என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். மாமனாரையும் சேர்த்து ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு ஐந்து பேர் அரிசி போகிறது என்பது சரக்குத் தெரிந்தவனுக்கு எட்டவில்லை. அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்ததையும் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன்.

4. மூட்டை மேல் உட்கார்ந்த பெண்

பதினைந்து நாள் போயிருக்கும். காலை பதினோரு மணி. கையில் துணிப்பையோடு கஸ்தூரி கடை வாசலில் வந்து நின்றாள். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. முகமெல்லாம் வேர்வை. நான் ஓடிப்போய் ஒரு சர்க்கரை மூட்டை மேல் அவளை உட்காரவைத்தேன்.

"மாகறல் பஸ்சுக்குப் போய்க்கினு இருக்கேன். உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்ணா. எங்க வூட்டுக்கு எவ்ளோ அரிசி போவுது?"

நான் தயங்கினேன். ராஜம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார், அது ஒரு பக்கம்.

"சொல்லாட்டி போங்க. எனக்குத் தெரியும். எங்கம்மா எல்லாருக்கும் போட்டுட்டு, நான் அப்புறம் சாப்டுறேன்னு சொல்லுவாங்க. தெனம் இதேதான். நேத்து தண்ணி குடிக்க அடுப்பாண்ட போனேன். வடிச்ச கஞ்சியில உப்பு போட்டுக் குடிச்சிக்கினு இருந்தாங்க. சட்டியில சோறே இல்ல. எனக்கு மட்டும் நெய் ஊத்தி, களி கிண்டி... அவங்க வயித்துல இருந்து எடுத்து எனக்குப் போடுறாங்கண்ணா. நான் எப்படி அங்க உக்காந்து துன்றது?"

அவள் அழுதுவிட்டாள். இரண்டாவது மாதம் லிஸ்ட் குறைந்தது என் யோசனையால் அல்ல. ராஜம்மா தன்னையே லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். உடைசல் பருப்பு, தோல் உளுந்து, சின்னக் கரண்டி, எல்லாவற்றையும். கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது உடைசலா? சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சி. எனக்குத் தெரியவே தெரியாதே."

"தெரியக் கூடாதுன்னுதான்மா செஞ்சோம். அதெல்லாம் நல்ல வழிதான். கஞ்சி குடிக்கிறது உங்கம்மா தானா சேத்துக்கிட்டது. நீ இப்ப பஸ் ஏறினா அவங்க நாளைக்கும் கஞ்சிதான் குடிப்பாங்க. வூட்ல இருந்தாதான் உன்னால அத நிறுத்த முடியும்."

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போது கல்லாவிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏம்மா, இந்த வெயில்ல இந்த வயித்த வச்சிக்கினு பஸ்ல குலுங்கினு போவியா? வரதா, ஒரு ரிக்சா கூப்டு. நீயும் கூடப் போ. வூட்ல வுட்டுட்டு, அந்தம்மாவாண்ட பேசிட்டு வா."

நான் செருப்பை மாட்டும்போது தணிந்த குரலில், "அந்த உடைசல நாளைக்குக் கழுவிக் காயவச்சி முன்னாடியே வை. நம்ம கடை சாம்பார் நல்லாருக்குதுன்னு ஒரு பிள்ளைத்தாய்ச்சி சொன்னா அப்புறம் இன்னா" என்றார்.

5. ஆறு தட்டு

வீட்டில் ராஜம்மா என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். "சொல்லிட்டியா வரதா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் இன்றும் எனக்குக் கேட்கிறது.

"அவரு ஒண்ணும் சொல்லலமா. நான்தான் கண்டுபுடிச்சேன்" என்றாள் கஸ்தூரி. பையைக் கீழே வைத்தாள். "லிஸ்ட்ட எடு. ஆறு பேருக்கு எழுதலாம்."

முனுசாமி உள்ளே, நின்றுபோன தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவி கஞ்சி குடிப்பது அவருக்கும் தெரியாது. எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பென்சிலோடு லிஸ்ட்டை வாசித்தேன். அரிசியை முன்போல ஏற்றினோம். அதற்கு எங்கே குறைப்பது என்று பார்த்தபோது, ராஜம்மா தொடாமல் விட்ட வரி ஒன்று இருந்தது. வீட்டுக்காரரின் வெற்றிலை, பாக்கு, புகையிலை. எல்லாரும் அதைப் பார்த்தோம்.

"வரதா, புகையிலைய அடிச்சிடு" என்றார் முனுசாமி. கொஞ்ச நேரம் பொறுத்து, "வெத்தல பாதி இருக்கட்டும்பா. ஒரேடியா வுட முடியாது" என்றார்.

ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் அழுதார்.

கஸ்தூரி அன்றே ஒரு சட்டம் போட்டாள். இனி எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் நடுவில். "நீ தட்டு போட்டுக்கினு உக்காந்தாதான் நான் சோத்துல கை வைப்பேன்." மருமகள் தன்னோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதா என்று முனுசாமியின் அப்பா இரண்டு நாள் முறைத்தாராம். மூன்றாம் நாள் அவரே, "ராஜம்மா, உக்காரு, ஆறிப்போவுது" என்றாராம்.

கஸ்தூரிக்கு அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. தறி ஓட இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் எங்கள் கடையில் உடைசல் பருப்புக்கு வரிசை நிற்க ஆரம்பித்திருந்தது. முழுப் பருப்பைவிட வேகமாகத் தீர்ந்தது. தீவனக்காரர்தான் வருத்தப்பட்டார். என்னைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொன்னதை முதலாளி அப்புறம் எடுக்கவே இல்லை. நான் அந்தக் கடையில் இருந்தே ஓய்வு பெற்றேன்.

பிற்பாடு எத்தனையோ பேர் லிஸ்ட்டைக் குறைத்துத் தரக் கேட்டார்கள். எல்லாரிடமும் முதலில், வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அரிசிக் கணக்கு அதோடு ஒத்துப்போகாவிட்டால் பென்சிலை எடுக்க மாட்டேன். செலவைக் குறைப்பதற்குச் சரக்கில் நூறு வழி இருக்கிறது. சாப்பிடுகிற ஆளைக் குறைப்பது அதில் ஒரு வழி இல்லை.

ராஜம்மா வீட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் என் மனைவி எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து கை கழுவப் போவது என் வழக்கம். அன்று எழுந்திருக்காமல், "நீ எப்ப சாப்பிடுவே?" என்று கேட்டேன். "அப்புறம் சாப்டுறேன்" என்றாள். நான் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சோறு ஒரு கரண்டிகூட இருக்காது. மூன்று வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாகத் திறந்து பார்த்தேன்.