மின்சாரம் போன வேளைகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு ஹைட்ரோமீட்டர் இருக்கிறது. பேட்டரி அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய். தலையிலுள்ள ரப்பர் குமிழ் இறுகிக் கல்லாகிவிட்டது. அது என்னுடையதன்று. என்னோடு பணிபுரிந்த இயற்பியல் பேராசிரியருடையது.

எண்பதுகளில், சேலத்துக்கு அருகே ஒரு கல்லூரியின் கணிப்பொறி மையம் என் பொறுப்பில் இருந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கினால் மின்னழுத்தம் விழும்; சில வேளை மின்சாரமே போய்விடும். இயந்திரம் நின்று, காலையிலிருந்து ஏற்றிய மதிப்பெண்கள் அழியும். தேர்வு முடிவுகள் மீண்டும் தாமதமானால் இயந்திரத்தை வேறு கல்லூரிக்கு மாற்றிவிடுவதாகப் பல்கலைக்கழகம் எச்சரித்திருந்தது. மாற்று மின் ஏற்பாட்டுக்கு நிதியில்லை என்பதே நிர்வாகத்தின் நிலையான பதில். அந்த இயந்திரம் போனால் என் பெயரும் அதனோடு போகும்.

மின்சாரம் போனதும், மைதானத்துக்கு அப்பாலிருந்த இயற்பியல் துறையிலிருந்து பேராசிரியர் குடை பிடித்து நடந்து வருவார். அவருடைய ஆய்வுக்கூடமும் அப்போது முடங்கியிருக்கும். வராந்தாவில் இரண்டு நாற்காலிகள் போடுவோம். பேராசிரியர் மோகனூர்க்காரர்; அவருடைய அண்ணன் சொந்தமாக லாரிகள் வைத்துத் தொழில் நடத்திவந்தார்.

"எங்கண்ணன் லாரி பம்பாய் வரைக்கும் போயிட்டு வருதுங்க. உங்க மிஷினு மத்தியானம் வரைக்கும் ஓட மாட்டேங்குதே, சார்!" என்பார்.

"லாரிக்குச் செலவு பண்ண ஆளிருக்குதுங்க," என்பேன்.

எனக்குச் சிரிப்பு எளிதில் வருவதில்லை. அந்த வராந்தாவில் வந்தது.

கேலியிலிருந்தே வழியும் பிறந்தது. லாரிகளிலிருந்து கழற்றிய, இன்னும் உயிருள்ள பேட்டரிகளை அண்ணனிடம் கேட்டு வாங்கிவந்தார். அவற்றின் மின்சாரத்தை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டியைத் தம் ஆய்வுக்கூடத்திலேயே செய்தார். அமிலத்தை அடிக்கடி சோதிக்கும்படி இந்த ஹைட்ரோமீட்டரை என்னிடம் கொடுத்தார். "பத்திரமுங்க சார், லேப் சாமான்" என்றார். அவ்வாண்டு முடிவுகள் உரிய நாளில் வெளிவந்தன. இயந்திரம் எங்களிடமே தங்கியது. அதன்பின் மின்சாரம் போனாலும் வேலை தடைப்படவில்லை.

அவரும் வரவில்லை. காரணமின்றி ஒருவர் அறைக்குப் போகும் வழக்கம் எனக்கில்லை, அவருக்கும் இருக்கவில்லை. ஒருநாள் மட்டும் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், இங்க கரண்டு போகலீங்களா?"

"போச்சுங்க. மிஷினு நிக்கலீங்க."

"அப்படீங்களா. சந்தோஷமுங்க."

உள்ளே விசைப்பலகைகளின் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. சற்று நேரம் அதைக் கேட்டிருந்துவிட்டு, குடையை விரித்து வெயிலில் இறங்கினார். உட்காரச் சொல்லலாமென்றால், வராந்தா நாற்காலிகளை எப்போதோ உள்ளே எடுத்துப் போட்டிருந்தோம்.

ஓய்வுபெற்று அவர் மோகனூருக்குப் போனார். இந்த ஹைட்ரோமீட்டரைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை போகவேண்டும் என்று எண்ணியிருந்தேன். கொடுத்துவிட்டால் மறுமுறை போகக் காரணம் இருக்காதே என்று கொடுக்காமலும் வைத்திருந்தேன். அவர் மறைந்த செய்தி முந்திக்கொண்டது.

இப்போது என் வீட்டில் மின்சாரம் போவது எனக்குத் தெரிவதில்லை. இன்வெர்ட்டர் இருக்கிறது, மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். எதிர்வீட்டார் புழுக்கம் தாளாமல் வெளியே வரும்போதுதான் அறிகிறேன். அப்போது இழுப்பறையிலிருந்து ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, வாசலில் இரண்டு நாற்காலிகள் போடுகிறேன்.