வாசனை தெரியாமல் வாங்கிய வீடு

கொரோனா வந்து போனதில் எனக்கு மூக்கு போயிற்று. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, வாசனைதான் தெரியாது. முதலில் காபித்தூள் போனது, அப்புறம் பெருங்காயம், அப்புறம் எல்லாமே. தானாகத் திரும்பி வந்துவிடும் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். “வாசனைதான் போச்சு, மூக்குக்கு மேல வர்ற கோபம் அப்படியே இருக்கு” என்று என் மகன் கிண்டல் செய்வான்.

தோசை தீய்ந்தால் புகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பால் கெட்டிருந்தால் காய்ச்சும்போது திரிந்துவிடும். கேஸுக்குத்தான் வழியில்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் இருந்தும் எனக்குப் பிரயோஜனமில்லை.

பம்மலில் வாடகை வீட்டில் இருந்தவரை சமாளித்தேன். சிலிண்டர் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும். படுக்கப் போகும்முன் ரெகுலேட்டரை மூடுவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, “ஏதாவது வாடை வருதா?” என்று கேட்பேன். தண்ணி கேன் போடுகிறவரையும் கேட்பேன், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களையும் கேட்பேன். முதல் தடவை விழிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். கீழ் வீட்டு அக்கா நான் கேட்பதற்கு முன்பே மூக்கை உறிஞ்சிக் காட்டிவிட்டு, “ஒண்ணும் இல்ல, உள்ள வரலாமா?” என்பாள்.

என் கணவர் காலமான பிறகு, வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன், காலி செய்யுங்கள் என்றார். மகன் ஐதராபாத்தில் வேலை பார்க்கிறான், இன்னும் கல்யாணமாகவில்லை. “என்கூட வந்துடும்மா” என்றான். நான் முப்பது வருஷம் ஆபீஸ் போய் வந்த மனுஷி. பாஷை தெரியாத ஊரில், பத்தாவது மாடியில், அவன் எப்போது வருவான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. தாம்பரத்தில் இறங்கினால் மார்க்கெட்டில் கீரைக்காரம்மாவுக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் யாராவது இடம் கொடுப்பார்கள். அதுவே எனக்குப் போதும்.

“தனியா இருக்கறப்போ கேஸ் லீக் ஆனா உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டான். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். நான் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கிக்கொண்டு தனியாக இருக்கலாம். ஒரே ஒரு தடவை கேஸில் ஏதாவது ஆகிவிட்டால், மறுபேச்சு பேசாமல் அவனோடு கிளம்பிவிட வேண்டும். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

சேலையூரில் இரண்டாவது மாடியில் ஒரு பழைய ஃபிளாட்டை புரோக்கர் காட்டினார். கழுவுற மீனில் நழுவுற மீன் அந்த ஆள். சுவரில் ஓதம் இருக்கிறதே என்றால், “இன்னா மேடம், வூடு ராசியான வூடு, ஓதம் எந்த வூட்ல இல்ல?” என்பார். ஆனால் வெளிச்சம் இருந்தது, காற்று இருந்தது, ஷேர் ஆட்டோ வாசலிலேயே நின்றது. விற்பவர்கள் ஒரு சின்ன வயதுத் தம்பதி, வண்டலூர் பக்கம் தனி வீடு கட்டிக்கொண்டு போகிறார்கள். சமையலறையை அந்தப் பெண்தான் சுற்றிக் காட்டினாள். சிலிண்டர் பின்பக்க பால்கனியில் இருந்தது. அங்கிருந்து ஒரு செம்புக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, டிராயர்களுக்குப் பின்னால் ஒளிந்து, அடுப்புக்கு ஏறியது.

“பைப் போறதே தெரியாது ஆன்ட்டி, நீட்டா இருக்கும்” என்றாள்.

எனக்கு அந்த நீட்டுதான் பிடிக்கவில்லை. “லீக் கீக் ஏதாவது இருந்திருக்காம்மா? எனக்கு வாசனை தெரியாது, அதான் கேக்கறேன்” என்றேன்.

“ஐயோ, அதெல்லாம் எதுவும் இல்ல ஆன்ட்டி. குடி வந்ததுலேருந்து இதுலதான் சமைக்கிறேன்.”

நல்ல பெண், பொய் சொல்கிற முகம் இல்லை. பத்திரம் பதிவதற்கு வில்லங்கச் சான்றிதழ் பார்த்தோம், வீட்டு வரி ரசீது பார்த்தோம், கரண்ட் கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தோம். வக்கீல் தாய்ப்பத்திரத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். டிராயரைக் கழற்றி அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் தங்கள் அடுப்பையும் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். குழாய் என் வீட்டோடு வந்தது.

பழைய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் கிடையாது, பால் காய்ச்சினால் போதும் என்று என் நாத்தனார் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் நல்ல நேரம் பார்த்து, முந்தின நாளே வந்து இறங்கிவிட்டாள். அன்று சாயங்காலம் நான் பம்மலில் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மகனும் நாத்தனாரும் புது வீட்டில் இருந்தார்கள். சிலிண்டர் கொண்டுவந்தவர் ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, அடுப்பைப் பற்ற வைத்துப் பார்த்துவிடலாம் என்று லைட்டர் கேட்டிருக்கிறார். நாத்தனார் குறுக்கே நின்றுவிட்டாள்.

“பால் பொங்கறதுக்கு முன்னாடி இந்த வீட்ல அடுப்பு எரியக் கூடாதுப்பா.”

“டெஸ்ட் பண்ணாம எப்டிமா வுட்டுட்டுப் போறது?”

“காலைல நாங்க பாத்துக்கறோம்.”

அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி, போய்விட்டார். ரெகுலேட்டர் புதிது, திருகு இறுக்கமாக இருந்திருக்கிறது. காலையில் நல்ல நேரத்தில் திறக்க வராமல் போனால் அத்தை உயிரை எடுப்பாளே என்று மகன் அதைத் திறந்தபடியே விட்டுவிட்டான். கொசு வரும் என்று ஜன்னலையெல்லாம் சாத்திப் பூட்டிக்கொண்டு வந்தான். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிகாலையில் கிளம்பிப் போனோம். கார் நிறுத்தும் இடத்தில் நின்று விளக்கேற்றும்போதே தகராறு. சுமங்கலிதான் விளக்கு எடுக்க வேண்டும் என்று நாத்தனார் கை நீட்டினாள். “என் காசு, என் வீடு, என் விளக்கு” என்றேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும். காமாட்சி விளக்கைச் சேலை முந்தானையால் மறைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறினேன். மகன் முன்னாலேயே போய்க் கதவைத் திறந்து, விளக்கு நுழையும்முன் லைட் போடக் கூடாது என்று அத்தை சொன்னதால் இருட்டிலேயே பாலையும் மஞ்சளையும் உப்பையும் சமையலறையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

வழக்கம்போல அவனிடம் கேட்டேன். “ஏதாவது வாடை வருதாடா?”

“ஒண்ணும் இல்லம்மா. வா, நேரமாகுது.”

வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். அந்த வீட்டில் சாமி அலமாரி சமையலறைக்குள்தான். மகன் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம், எதிர் வீட்டுத் தம்பதி பின்னால். மரியாதைக்கு அந்தப் பழைய வீட்டுக்காரப் பெண்ணையும் அழைத்திருந்தேன். வெற்றிலை பாக்குத் தட்டோடு அப்போதுதான் மாடியேறி வந்தாள்.

நான் சமையலறை நிலைப்படிக்கு வந்தபோது பின்னால் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. யாரோ என்னை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். அந்தப் பெண்தான். என் கையிலிருந்த விளக்கை வாயால் ஊதி அணைத்துவிட்டாள்.

புது வீட்டில் ஏற்றி வந்த விளக்கை வாயால் ஊதுவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. “இவளுக்கு என்ன கேடு வந்தது?” என்றாள் நாத்தனார். அந்தப் பெண் அதைக் காதில் வாங்கவே இல்லை. “யாரும் சுவிட்சத் தொடாதீங்க, எல்லாரும் வெளிய போங்க” என்று சொல்லிக்கொண்டே பால்கனிக் கதவைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். பூட்டு தாழ்ப்பாள் எல்லாம் இருட்டிலும் அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

மாடிப்படியில் வந்து உட்கார்ந்தோம்.

“ராத்திரி ரெகுலேட்டர மூடலையா ஆன்ட்டி?” என்று கேட்டாள். “நாங்க டெய்லி மூடிடுவோம். இல்லன்னா காலைல டிராயர்கிட்ட லேசா வாடை வரும்.”

“ஏம்மா, லீக் உண்டான்னு உங்கிட்ட கேட்டேனே?”

“அது லீக் இல்லையே ஆன்ட்டி. மூடிட்டா வராது” என்றாள்.

ஓங்கி ஓர் அறை விடலாமா என்று இருந்தது, காலில் விழலாமா என்றும் இருந்தது. மறைக்க வேண்டும் என்று அவள் மறைக்கவில்லை. பாத்ரூம் குழாயை லேசாக இடது பக்கம் திருப்பினால்தான் தண்ணீர் வரும் என்கிற மாதிரி, அவளுக்கு அது அந்த வீட்டின் ஒரு பழக்கம். வீட்டை விற்றவள் பழக்கத்தைச் சொல்ல மறந்துவிட்டாள். கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாத்தனார் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. எனக்கு உள்ள நுழையறப்பவே ஒரு மாதிரி நாத்தம் வந்துச்சு அண்ணி. நல்ல நேரத்துல எதுக்கு வாயத் திறக்கணும்னு இருந்துட்டேன்.” எதிர் வீட்டுக்காரரும் தலையாட்டினார். அவர் சாக்கடை என்று நினைத்தாராம். புதுசாக வருகிறவர்களிடம் முதல் நாளே உங்கள் வீடு நாறுகிறது என்று எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். மகன் மட்டும் எழுந்து கீழே இறங்கிப் போனான்.

பால், எதிர் வீட்டு அடுப்பில் பொங்கி என் வீட்டுக்கு வந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம்.

மறுநாள் கேஸ் மெக்கானிக் வந்து டிராயர்களைக் கழற்றி, குழாய் நெடுகச் சோப்பு நுரையைத் தடவினார். ஒரு இணைப்பில் நுரை கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. டிராயர் ஓடும் கம்பி இத்தனை வருஷமாக அதன்மேல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் குழாயே வேண்டாம் என்று பிடுங்கிப் போடச் சொன்னேன். இப்போது சிலிண்டர் அடுப்புக்குப் பக்கத்தில் என் கண்ணெதிரே நிற்கிறது, நடுவில் ஒரு முழ ரப்பர் டியூப், அவ்வளவுதான். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றும் வாங்கி மாட்டினேன். சமையல் கேஸ் கனமானது, கீழேதான் தேங்கும் என்பதால் அதைத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும். இதெல்லாம் வீடு வாங்கும் முன் எனக்குத் தெரிந்திருக்கவில்லை, இப்போது யார் வீடு பார்க்கப் போனாலும் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

மகன் அந்த வாரம் முழுக்க லீவு போட்டுக்கொண்டு என்னோடு இருந்தான். எனக்கும் ஒரு டிக்கெட் போட்டிருக்கிறான் என்று பெட்டி கட்டும்போதுதான் தெரிந்தது.

“பேசின பேச்சு பேச்சுதானேம்மா” என்றான். “ஒரு தடவை ஆனா வந்துடறேன்னு சொன்ன.”

சொன்னேன்தான். இல்லை என்று எப்படிச் சொல்வது? அவன் முகத்தைப் பார்த்தேன். சரியாகத் தூங்காத முகம்.

“அன்னிக்கு வாசல்ல உன்ன ஒண்ணு கேட்டேனே” என்றேன்.

அவன் என் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தான். மடிப்பது நின்றது. அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கு வாடை வந்துச்சும்மா” என்றான். “கதவத் திறந்தப்பவே வந்துச்சு. பெயிண்ட்டா இருக்கும்னு நினைச்சேன். நீ ஆசையா விளக்கு எடுத்துக்கிட்டு வர்ற, அந்த நேரத்துல வாடை அது இதுன்னு எதுக்குச் சொல்லணும்னு… வா வான்னு நானேதான் உன்ன உள்ள கூப்பிட்டேன்.”

அவன் அழுதான். அப்பா செத்த அன்று ரயிலில் வந்து இறங்கியபோதுகூட அவன் அப்படி அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். திட்ட நினைத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிற குணம் எனக்கு என்றைக்கும் கிடையாது.

“உன்கூட வந்தா, அங்கயும் நான் உன்னத்தானேடா கேக்கணும்?” என்றேன்.

அவன் எழுந்தான். என் புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாக பீரோவில் திரும்ப அடுக்கினான்.