தகரத் தட்டு வைத்த கோழிக்கூண்டு

ஷாதிபூர் குவார்ட்டர்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஸ்டோர்கீப்பர். கழுத்தே தெரியாத உடம்பு, காக்கி அரை நிஜார், மூக்குக்கு மேல் கோபம். அவரும் தமிழர்தான். ஆனால் சண்டையென்று வந்தால் இந்திக்குத் தாவிவிடுவார். அப்போதுதானே அந்த வரிசையில் இருக்கிற வங்காளி, மலையாளி எல்லோருக்கும் புரியும்!

அதற்குமுன் கார் நிக்கோபாரில் வேலை பார்த்தவர். அங்கே எலி ஏறாமலிருக்கக் குடிசைக் கால்களில் தட்டு மாட்டுவதைப் பார்த்துவிட்டு வந்து, அதேபோல உயரமான கால்களோடு ஒரு கோழிக்கூண்டு அடித்தார். ஒவ்வொரு காலிலும் எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த வட்டத் தகரம். சாயங்காலமானால் அதற்குக் கிரீஸ் தடவுவார். கூண்டில் ஏற முடியாத எலிகளெல்லாம் என் சமையலறைக்கு வந்தன.

"உங்க கோழித் தீனிக்கு வர்ற எலி என் அரிசியத் தின்னுது சார்" என்றேன்.

"சூஹா மேரா நௌக்கர் ஹை க்யா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். எலி என்ன, அவர் வைத்த வேலைக்காரனா என்று கேட்கிறார்!

அதோடு பேச்சு நின்றது. மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் புறப்படும் நாளில் அவரே வந்தார். "கூண்டு உங்களுக்குத்தான் சார், வச்சுக்குங்க" என்றார், தமிழில். அன்றே சிப்பிகாட் பண்ணைக்குப் போய்க் கோழிக்குஞ்சுகள் வாங்கி வந்து கூண்டில் விட்டேன்.

விடிந்து பார்த்தால் வெறும் இறகு. குனிந்தேன். கால்களில் கிரீஸ் கறைதான் வட்டமாக இருந்தது. தகரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு கப்பலேறியிருக்கிறார்.

மெயின்லேண்டில் தகரமா கிடைக்காது?