அமிர்தநாதருக்கு மூன்று நிமிடம்

அமிர்தநாதர் தன் மகனைப் பற்றி நாலு பேர் முன்னால் ஒரு நல்ல சொல் சொன்னதை முப்பத்தொன்பது வருடமாக ஒருவரும் கேட்டதில்லை. மன்னார் ஆஸ்பத்திரியில் றொய்சன் பிறந்த அன்று நேர்ஸ் பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "ராசா மாதிரியெல்லே இருக்கிறான்" என்றாளாம். "ராசாவோ? வடிவாப் பாருங்கோ, மூக்குச் சப்பை" என்றாராம் இவர். சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு அந்த மரத்தின் இலை இனித்ததாம். இது அவருடைய மனைவி வேரோனிக்கா சொல்லும் கதை. வேரோனிக்கா எதையும் கொஞ்சம் சீனி போட்டுத்தான் சொல்லுவார்.

அமிர்தநாதருக்குக் கல்நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்குப் பயம் நாவூறு. பெற்றவர்களின் வாயால் பிள்ளையைப் புகழ்ந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், கால் முறியும், சோதினையில் கோட்டை விடும் என்று அவருக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அவரும் அப்படியே வாயைக் கட்டிக்கொண்டு ஸ்காபரோவில் ஒரு மகனை வளர்த்து ஆளாக்கிவிட்டார்.

மிசிசாகாவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தார். அங்கே அவருக்கென்று ஒரு மெஷின் இருந்ததில்லை. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போகும் பதினைந்து நிமிடத்துக்கு அவர்களுடைய மெஷினில் போய் நிற்பார். அவர்கள் திரும்பி வந்ததும் அடுத்த மெஷினுக்குப் போவார். றிலீவ் மேன் என்று கூப்பிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் அந்தத் தொழிற்சாலையில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

மகன் றொய்சன் வீடுவீடாகப் போய், குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் திருத்துகிறவன். பதினைந்து வருடமாக ரூஜ் ஹெரன்ஸ் என்ற கழகத்துக்கு ஃபுட்போல் விளையாடினான். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஆட்டம், முட்டை வடிவப் பந்து. கனடாவில் பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு மூன்று தரம்தான் வாய்ப்பு. இரண்டு தரத்தில் பத்து யார் தூரம் நகர முடியாவிட்டால், மூன்றாவது தரத்துக்குப் பண்டர் என்று ஒருவனைக் கூப்பிடுவார்கள். அவன் ஓடி வந்து பந்தை எதிரியின் பக்கம் உயர உதைத்துவிட்டுத் திரும்ப ஓடிவிடுவான். றொய்சன் அந்தப் பண்டர்.

முதல் மட்ச் பார்த்த அன்று வேரோனிக்காவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"டேய் விசரா, அவங்கள் அவ்வளவு பாடுபட்டு வைச்சிருந்த பந்தை ஏன்ரா மற்றவனுக்குத் தூக்கிக் குடுத்தனீ?"

"எப்பிடியும் பறிபோற பந்து அம்மா. எங்கடை வாசலிலை குடுக்கிறதைவிட அங்காலை அவன்ரை வாசலிலை குடுக்கிறது நல்லதெல்லே?"

அந்த உதையைப் பற்றி ரூஜ் பக்கம் பல கதைகள் உலாவுகின்றன. ஒக்டோபரில் உதைத்த பந்து நவம்பரில் பனியோடு இறங்கியது என்பார்கள். பியர்சனில் இறங்க வந்த ஒரு விமானம் அவனுடைய பந்துக்கு வழி விட்டு இன்னொரு வட்டம் சுற்றிவிட்டு இறங்கியது என்றும் பேச்சு. விமானத்தின் கதை பொய்யாக இருக்கலாம். வட்டம் சுற்றியது உண்மை.

அமிர்தநாதர் ஓய்வு பெற்ற வருடம் கழகத்தில் தடி பிடிக்க ஆள் இல்லாமல் போனது. மைதான ஓரத்தில், இப்போது எத்தனையாவது தரம் என்று காட்டும் இலக்கத் தடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பிக்கொண்டே பந்தோடு நடக்க வேண்டும். "சும்மா வீட்டிலை இருக்கிறதுக்கு" என்று சொல்லிக்கொண்டு அவர் அந்தத் தடியைப் பிடித்தார், பதினொரு வருடம் கீழே வைக்கவில்லை. கழகம் அவருக்கு உறுப்பினர் அட்டையும் கொடுத்தது. அவர் மூன்று என்று திருப்பினால் மகன் உள்ளே வருவான். அந்த ஒரு கணம் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வேறு பேச்சு இல்லை.

போன இலையுதிர் காலத்தோடு றொய்சன் விளையாட்டை விட்டான். இந்த மார்ச்சில் கழகத்தின் செயலாளர் வென்டி அமிர்தநாதருக்குப் போன் எடுத்தார். கழகத்தின் புகழ்ச்சுவரில் இந்த வருடம் றொய்சனின் பெயரைப் பதிக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். ஆனால் ஒரு பண்டர் இதுவரை அந்தச் சுவரில் ஏறியதில்லை. அமெரிக்காவின் பெரிய புகழ் மண்டபமே ஒரு பண்டரை உள்ளே விட அரை நூற்றாண்டு யோசித்தது, நமக்கு என்ன அவசரம் என்று கமிட்டியில் சிலர் கேட்கிறார்களாம். குடும்பத்திலிருந்து இரண்டு வார்த்தை கிடைத்தால் உதவியாக இருக்கும்.

அமிர்தநாதர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். மகனுக்கு இவ்வளவு நல்லது வருகிற நேரம், இப்போது வாயை அவிழ்த்தால் என்ன ஆகும்?

"என்ரை மகனோ? அவன் பெரிசா ஒண்டுமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "மற்றப் பெடியள்தான் வேலை முழுக்கச் செய்யிறது. இவன் வந்து ஒரு உதை உதைச்சிட்டுப் போவான். பாதி காத்துதான் கொண்டு போறது."

குசினிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த வேரோனிக்காவுக்கும் திருப்தி. "நல்லாச் சொன்னியள். நாவூறு கிட்டவும் வராது" என்று அவருக்கு ஒரு கோப்பி போட்டுக் கொடுத்தார்.

இரண்டு ஞாயிறு கழிந்து, பூசை முடிந்து மகனும் மருமகளும் சாப்பிட வந்தார்கள். மருமகள் ஸ்டெபனி இங்கேயே பிறந்தவள். சப்பாத்தைக் கழற்றவும் இல்லை.

"மாமா, did you tell them he's nothing?"

"ஆர் சொன்னது?"

"கடிதம் வந்திருக்கு மாமா. இந்த வருஷம் இல்லையாம். 'அவருடைய தகப்பனாரே நேர்மையாக ஒத்துக்கொண்டார்' எண்டு எழுதியிருக்கினம்! How could you?"

அமிர்தநாதர் வேரோனிக்காவைப் பார்த்தார். வேரோனிக்கா சோற்றுப் பானையைப் பார்த்தார்.

"பிள்ளை, உது சும்மா சொல்லுறதெல்லே. எங்கடை ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே…"

"வென்டி எங்கடை ஆள் இல்லை, மாமா!"

றொய்சன் சிரித்தபடி கோழிக்கறியை எடுத்துப் போட்டுக்கொண்டான். "விடு ஸ்டெப். அப்பா சொன்னது சரிதானே. உதைச்சிட்டுப் போறதுதானே என்ரை வேலை."

அந்தச் சிரிப்புத்தான் அமிர்தநாதரை வெட்டியது. ஸ்டெபனியின் கோபம் அவருக்குத் தாங்கும். மகனின் சிரிப்பில் ஒரு கோபமும் இல்லை. சப்பை மூக்கிலிருந்து பாதிக் காற்றுவரை தான் சொன்னதையெல்லாம் இவன் அப்படியே நம்பி வளர்ந்திருக்கிறான்! நாலு பேருக்கு முன்னால் போட்ட வேலியை, வீட்டுக்குள் எடுத்துவிட அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

சாப்பாடு முடிந்து றொய்சன் வெளியே தன் வானை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கப் போன பிறகு அவர் மருமகளிடம் மெல்லக் கேட்டார். "பிள்ளை, உதை மாத்த ஏலாதோ?"

ஸ்டெபனி கழகத்தின் விதிகளைப் போனில் தேடி எடுத்தாள். ஏப்ரலில் நடக்கும் மதிய விருந்தில், எந்த உறுப்பினரும் எழுந்து மூன்று நிமிடம் ஒருவருக்காகப் பேசலாம். பிறகு கையுயர்த்தி வாக்கு.

"மூண்டு நிமிஷம் மாமா. அவரைப் பற்றி நல்லதாச் சொல்லோணும். ஏலுமே?"

"முயற்சி பண்ணுறன்" என்றார் அமிர்தநாதர், சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்கிறவர் மாதிரி.

நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்கு முன்னால் நின்று பழகினார். "என்ரை மகன் ஒரு…" என்று தொடங்குவார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் "நல்ல" வரை வந்தது. அன்றைக்கென்று மெஷினும் பாதியில் நின்றுபோக, மேலே ஓடிவந்து மகனுக்குப் போன் எடுத்து, கால் கை சுகமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

கடைசியில் வேரோனிக்காதான் வழி சொன்னார். "இஞ்சாருங்கோ, பகுதி பகுதியாப் பிரிப்பம். நீங்கள் பேச்சைப் பாருங்கோ. நாவூறை நான் பாக்கிறன்."

விருந்தன்று காலை மகனுடைய படத்தை மேசையில் வைத்து, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். அதற்கு மேல் அந்தோனியார் கோயில் தீர்த்தத்தையும் தெளித்தார், இரண்டு பக்கத்தாலும் காவல் இருக்கட்டும் என்று. புகை அலாரம் அலறியது. பக்கத்து வீட்டு அலாரமும் அலறியது. அந்த வீதியில் ஒரு வாரத்துக்கு அணில்கூடத் தும்மியது என்று கேள்வி.

மண்டபத்தில் நாற்பது பேரளவில் இருந்தார்கள். வென்டி தன் பெயரைக் கூப்பிட்டதும் அமிர்தநாதர் எழுந்தார். றொய்சனுக்கு இது தெரியாது. முள்ளுக்கரண்டி அப்படியே கையில் நின்றது.

அமிர்தநாதரின் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், வளைக்கத் தெரியாதது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"என்னை உங்களுக்குத் தெரியும், தடி பிடிக்கிறவன். என் மகன் ஒன்றுமில்லை என்று போனில் சொன்னேன். அது பொய். பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று பயந்து சொல்லும் பொய். பதினொரு வருடம் மூன்றைத் திருப்பியது நான். நான் திருப்பும்போது உங்கள் முகமெல்லாம் விழுந்துபோகும். விழுந்த முகங்களைப் பார்த்துக்கொண்டுதான் அவன் உள்ளே வருவான். உதைப்பான். பந்து இறங்கும்போது எதிரி தன் வாசலில் நிற்பான். நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் வெளியே வந்து விழுந்துகிடக்கிற தண்ணீர்ப் போத்தல்களை நிமிர்த்தி வைப்பான். எனக்கு அந்த வேலை தெரியும். நானும் மற்றவர்களுடைய மெஷினில் நின்றவன். மெஷின் ஓடினால் ஒருவரும் என்னைத் தேடமாட்டார்கள்.

"அவன் உதைத்ததை எதிரி மறித்தது பதினைந்து வருடத்தில் இரண்டே தரம். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு தரமும் பந்து அவனிடம் வரும்போதே நிலத்தில் உருண்டு வந்தது. ஆருடைய பிழை என்று காரில் கேட்டேன். தன்னுடைய பிழை என்றான். இரண்டு தரமும்."

பின் மேசையில் ஒரு கதிரை இழுபட்டது. பந்தைக் கால்களுக்கிடையால் பின்னுக்கு எறிந்து றொய்சனுக்குக் கொடுக்கும் மரியோ எழுந்து நின்றான். "அந்த இரண்டும் நான்" என்றான். சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வென்டி மணிக்கூட்டைப் பார்த்தார். அமிர்தநாதருக்கு ஆங்கிலம் முடிந்துவிட்டது. மகனைப் பார்த்தார், தடிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பாரே, அதே மாதிரி.

"என்ரை பிள்ளை கெட்டிக்காரன்" என்று தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மண்டபத்தில் அது விளங்கியது மூன்றே பேருக்கு. வேரோனிக்கா கைப்பைக்குள் கையை விட்டுக் காவலுக்குக் கொண்டுவந்த மிளகாயை இறுக்கிப் பிடித்தார். ஸ்டெபனி மூக்கை உறிஞ்சினாள். றொய்சன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான், திரும்ப எடுத்தான், திரும்பவும் வைத்தான்.

றொய்சனைத் தவிர்த்து மற்ற உறுப்பினர்களிடம் வாக்கு எடுத்தார்கள். வென்டி இரண்டு தரம் எண்ணினார். ஆதரவு பத்தொன்பது, எதிர் பத்தொன்பது. ஒரு உறுப்பினர் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

எல்லாத் தலைகளும் திரும்பின. அமிர்தநாதர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டு இருந்தார்.

"மாமா!" என்றாள் ஸ்டெபனி.

"சொந்தப் பிள்ளைக்கு நானே எப்பிடிப் பிள்ளை…" என்று முணுமுணுத்தார். "சரியில்லையே."

றொய்சன் அவர் பக்கம் குனிந்தான். "வேண்டாம் அப்பா. நீங்கள் சொன்னதே எனக்குக் காணும். கையைத் தூக்காட்டிலும் பரவாயில்லை." சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே போதும் என்றுதான் சொன்னான்.

அதைக் கேட்ட பிறகுதான் வலது கை மெல்ல வெளியே வந்தது. காதுவரை வந்து தயங்கியது. வேரோனிக்கா முழங்கையில் ஒரு தட்டுத் தட்ட, முழுதாக எழும்பி நின்றது.

மே மாதம் சுவரில் தகடு பதித்தார்கள். றொய்சனின் பெயர், அதன் கீழே பண்டர் என்ற ஒரு சொல். பார்க்க வந்த ஒரு அங்கிள் அமிர்தநாதரின் கையைப் பிடித்து, "மகன் பேரும் புகழுமா இருக்கிறான் போலை" என்றார்.

அமிர்தநாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, தகட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்னத்தைப் புகழ்? தகடு ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு."

தகடு சரியவில்லை. பக்கத்தில் நின்ற றொய்சன் சிரித்தான். இந்த முறை சிரிப்பு வேறு.

"ஓம் அப்பா" என்று அவருடைய தோளில் கையைப் போட்டான். "நல்லாத்தான் சரிஞ்சு கிடக்கு."